"ஆற்ற பிள்ளை?" முடிஞ்சு "என்ன செய்யிறாய்?" தொடங்கிற வயது: ஆறு மாலைக்கு என்ன வைக்கலாம்?

பதிவு 1 | வாசிகசாலை மூலை

வணக்கம். திருகோணமலை டவுனுக்குள்ள 18 இலிருந்து 24 வயது வரை 12 பேருக்கு ஆறு மாலைக் கூட்டம் ஒழுங்கு செய்யிறம். கிழமைக்கு ஒண்டு, ஒவ்வொண்டும் ஒண்டரை மணித்தியாலம், அஞ்சிலிருந்து ஆறரை மட்டும். பாதிப்பேர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிப்போட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவை. மிச்சம் றிசல்ட் வந்தும் அடுத்தது என்னெண்டு தெரியாதவை. ரெண்டு பேர் வேலைக்குப் போயினம்.

எங்கட ஊரில சின்னப் பிள்ளையைக் கண்டால் "நீ ஆற்ற பிள்ளை?" எண்டு கேப்பினம். அந்தக் கேள்விக்குப் பதில் பிறக்கேக்கையே கையில இருக்கு. பதினெட்டுத் தாண்டினால் கேள்வி மாறும்: "இப்ப என்ன செய்யிறாய்?" இதுக்குப் பதில் இல்லாததாலதான் கன பிள்ளையள் கலியாண வீடு, கோயில் திருவிழா எண்டு ஒண்டுக்கும் போறதில்லை.

"உன்னை நம்பு", "கனவு காண்" மாதிரிப் பேச்சு வேண்டாம். பேனையும் கொப்பியும் வைச்சுச் செய்யக்கூடியது என்ன, எந்த இடத்தில பிழைக்கும், அதைச் சொல்லுங்கோ. சொந்தக் கதைகள் வேற இழையில கனக்க இருக்கு, இங்க வேண்டாம்.

பதிவு 2 | உவர்மலை

இதற்கு உளவியலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எரிக் எரிக்சன் 1950 இல் அடையாளத்தைப் பதின்ம வயதின் வேலையாக வைத்தார். ஜேம்ஸ் மார்சியா 1966 இல் அதை இரண்டு கேள்வியாகச் சுருக்கினார். தேடிப் பார்த்தாரா? ஒன்றில் நின்றாரா? இரண்டுக்கும் ஆம், இல்லை போட்டால் நாலு பெட்டி வரும். தேடவும் இல்லை, நிற்கவும் இல்லை என்றால் சிதறல். தேடாமலே நின்றுவிட்டால் முன்மூடல். தேடிக்கொண்டே இருந்தால் தவணை. தேடிப் பார்த்து நின்றால் அடைவு. தேடல் பதின்ம வயதோடு முடிவதில்லை என்று 2000 இல் ஜெஃப்ரி ஆர்னெட் 18 முதல் 25 வரையைத் தனிப் பருவமாகவே பிரித்தார்.

இதைக் குழுவில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி என்று நினைப்பது முதலாவது. தொழிலில் தவணையில் நிற்கிறவர் சமயத்தில் அடைவில் இருக்கலாம், அரசியலில் சிதறலாக இருக்கலாம். துறைக்குத் துறை பார்க்க வேண்டும். அடைவு நல்லது, மற்றதெல்லாம் வருத்தம் என்று நினைப்பது இரண்டாவது. ஆய்வுகளில் பதற்றம் கூடியவர்கள் தவணையில் இருப்பவர்கள். முன்மூடலில் இருப்பவர்கள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் குழு தேடத் தொடங்கினால் இரண்டாம், மூன்றாம் கிழமையில் பதற்றம் கொஞ்சம் ஏறும். முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "கூட்டத்துக்குப் போய்த்தான் பிள்ளை குழம்பிவிட்டது" என்று வீட்டில் நிறுத்துவார்கள்.

முதல் மாலைக்கு இருபது வரி. 1954 இல் கூன், மக்பார்ட்லண்ட் என்ற இருவர் செய்த சோதனை இது. ஆளுக்கு ஒரு 80 பக்கக் கொப்பி. "நான்" என்று தொடங்கி இருபது வரி, 12 நிமிடம். உதாரணம் சொல்லாதீர்கள், சொன்னால் பன்னிரண்டு பேரும் அதையே எழுதுவார்கள். பத்துப் பன்னிரண்டு வரியில் பேனை நிற்கும். அந்த இடத்தில் கைகொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு வருகிற வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் முதல் வரிகள் பெரும்பாலும் இன்னாருடைய மகள், இந்த ஊர், இந்தச் சமயம் என்றுதான் வரும். அது குறை இல்லை.

பிறகு பென்சில். "றிசல்ட் பிழைத்தால் எந்த வரி பொய்யாகிவிடும்?" அதற்கெல்லாம் ஒரு கோடு. "நினைத்த வேலை கிடைக்காவிட்டால்?" வட்டம். "ஓர் உறவு முறிந்தால்?" புள்ளி. இருபதில் பதினைந்து வரி ஒரே அடையாளத்தில் விழுந்தால், அது ஒற்றைக் கம்பத்தில் கட்டின பந்தல். தன்னைப் பற்றிய பிடிமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர்கள் தோல்வியில் அதிக ஆழத்துக்குப் போகிறார்கள் என்று பட்ரிசியா லின்வில் எண்பதுகளில் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் கம்பங்களை எண்ணிப் பார்க்கிற பயிற்சியாக இது நல்லது.

கொப்பியை வாங்கிப் பார்க்காதீர்கள், சத்தமாக வாசிக்கவும் வைக்காதீர்கள். வாசிக்க வைக்கப்போவது தெரிந்தால் மேடைக்கு எழுதுவார்கள்.

பதிவு 3 | லேத் பட்டறை

இருபது வரி நல்லது, ஆனால் அதோட நிண்டால் யோசனைதான் கூடும். யோசிச்சு ஆரும் தன்னைக் கண்டுபிடிச்சதில்லை. செருப்பை அளந்து பாக்கிறமாதிரி, போட்டு நாலடி நடந்தால்தான் கடிக்குதா இல்லையா எண்டு தெரியும்.

ரெண்டாம் மாலையில ஆளுக்கு மூண்டு "ஆகக்கூடிய நான்" எழுதச் சொல்லுங்கோ. ஒண்டு வீட்டார் விரும்பிறது, ஒண்டு தான் விரும்பிறது, ஒண்டு ஒருத்தருக்கும் சொல்லாதது. மூண்டாவதைத் தனக்குள்ளேயே வைச்சிருக்கலாம்.

பிறகு ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்ன ஓட்டம், அதாவது அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பாக்கிறது. மொத்தம் 10 இலிருந்து 12 மணித்தியாலம், ரெண்டு கிழமைக்குள்ள முடியவேணும், முடியிற திகதி முதலே கொப்பியில எழுதியிருக்கவேணும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனில ஹோட்டல் வரவேற்பு மேசை, முன்பள்ளியில ரெண்டு காலை, போட் எஞ்சின் திருத்திற இடம், கணக்காளர் ஒருவற்ற அலுவலகத்தில பைல் அடுக்கிறது, தையல், பேக்கரி. உள்ள விடச்சொல்லிக் கேக்கேக்க "வேலை தாங்கோ" எண்டு கேளாமல் "ரெண்டு நாள் பாத்துப் பழகலாமோ" எண்டு கேட்டால் கனபேர் மறுக்கமாட்டினம்.

அந்தத் தொழிலில இருக்கிற ஒருவரோட 20 நிமிசம் கதைக்கவும் வேணும். "வேலை எப்பிடி?" எண்டு கேட்டால் "பறவாயில்லை" எண்டுதான் பதில் வரும். கேக்கவேண்டியது இது: நேற்றுக் காலமை எட்டிலிருந்து அஞ்சு மட்டும் என்ன செய்தனீங்கள்? அதில எந்த வேலையை வேற ஆக்களிட்டக் குடுக்க விருப்பம்? காசு எந்த மாசம் பிந்தும்? இதுக்குள்ள வந்து விட்டுட்டுப் போனவை ஏன் போனவை?

ஒவ்வொரு தரமும் வந்தவுடன மூண்டு குறிப்பு. போக முன் தென்பு 10க்கு எத்தனை, வந்தபிறகு எத்தனை, நேரம் போனது தெரியாமல் இருந்த இடம் எது. இவ்வளவு போதும். பந்தி பந்தியா எழுதச் சொன்னால் மூண்டாம் நாள் நிப்பாட்டிப்போடுவினம்.

பிழைக்கிற இடங்கள்: (அ) ஓட்டமெண்டு சொல்லி ஆறு மாசக் கோர்சுக்குக் காசு கட்டிறது. கட்டின காசு மனசை இழுக்கும், பிடிக்காட்டியும் பிடிச்சமாதிரி நடிக்கவேண்டி வரும். (ஆ) சிநேகிதனோட சேர்ந்து போறது. பிடிச்சது வேலையோ அவனோ எண்டு கடைசியில தெரியாது. (இ) முதல் நாளே தீர்ப்புச் சொல்லிறது. முதல் நாள் எல்லாருக்கும் கைவராது, அந்த வெக்கத்தை "எனக்குச் சரிவராது" எண்டு மொழிபெயர்க்கக் கூடாது. ஆகக்குறைஞ்சது நாலு தரம். (ஈ) சொந்தக்காரருக்கு முதலே சொல்லிறது. பிறகு விடுறது தோல்வி மாதிரித் தெரியும்.

பதிவு 4 | புறாமலை

மன்னிக்கோணும், ஒரு குறுக்குக் கேள்வி. வேலை இல்லாததுக்கு "அடையாளச் சிக்கல்" எண்டு பேர் வைக்கிறது வசதியான வேலை. கையில சம்பளம் இருந்தால் பாதிப்பேருக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை. பட்டதாரியளே நியமனம் கேட்டு றோட்டில நிக்கிற நாட்டில இருபது வரி எழுதி என்ன?

பதிவு 5 | லேத் பட்டறை

நியாயமான கேள்வி. அதுக்காகத்தான் நாலாம் மாலையை முழுசா வழிகளுக்கு விடச் சொல்லுவன். மனசுக்கு மருந்து சொல்லிறவை இதைத் தொடுறதில்லை, தொழில் வழிகாட்டிறவை மனசைத் தொடுறதில்லை.

பலகையில எழுதவேண்டியது:

பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். மூண்டு தரந்தான் எடுக்கலாம். பெரும்பாலான பாடநெறியளில 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு மேலதிகமா. திருகோணமலையும் அந்த 16க்குள்ள. அதால கொழும்புப் பிள்ளையின்ர இசட் புள்ளியோட (அனுமதிக்குப் பாக்கிற தரப்படுத்தின புள்ளி) ஒப்பிட்டு அழுறது வீண், பாக்கவேண்டியது எங்கட மாவட்ட வெட்டுப்புள்ளி. கிட்டத்தட்ட வந்தவைக்கு இன்னொரு தரம் எழுதிறதில அர்த்தம் இருக்கு. தூரமா இருக்கிறவை மூண்டாம் தரத்துக்கு ஒரு வருசம் குடுக்க முதல் வேற ஒரு வழியையும் பக்கத்தில ஓடவிடவேணும்.

என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) ஏழு மட்டம். 1 இலிருந்து 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். அதாவது தொழிற்பயிற்சிக்குப் போனால் கதவு மூடிப்போச்சு எண்ட கதை பிழை, ஏணி இருக்கு. ஏற்கனவே கராஜிலயோ வயரிங்கிலயோ கைவேலை தெரிஞ்சவை வகுப்புக்குப் போகாமலே ஆர்.பி.எல். (ஏற்கனவே பழகினதை அங்கீகரிக்கிற) முறையில மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். செய்த வேலையின்ர படம், முதலாளியின்ர கடிதம், பில் துண்டுகள் எல்லாத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கோ. கனபேர் தடக்குப்படுறது திறமையில இல்லை, ஆதாரம் வைக்காததில.

தனியார் நிறுவனத்துக்குக் காசு கட்ட முதல் ரெண்டு கேள்வி. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிவு இருக்கோ? இந்தக் கோர்ஸ் எத்தனையாம் மட்டத்துக்குத் தரப்பட்டிருக்கு? "சர்வதேசச் சான்றிதழ்" எண்டு மட்டும் சொன்னால் எழும்பி வரலாம்.

புறாமலை, நீங்கள் சொல்லிற பாதி உண்மை. மற்றப் பாதி, வேலை கிடைச்சும் ஆறு மாசத்தில விட்டுட்டு வாற பிள்ளையளும் இருக்கினம். அதுக்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை.

பதிவு 6 | கிண்ணியா ராத்தா

எல்லாரும் "தேடு, ஓடு, போட்டுப் பார்" என்று சொல்லியாச்சு. பெண்பிள்ளைகளை வைத்து ஒருக்கா வாசித்துப் பாருங்க. பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு கடையில் போய் நிற்கிறது எத்தனை வீட்டில் நடக்கும்?

உவர்மலை சொன்ன முன்மூடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாப்பாவின் கடையை எடுத்து நடத்துகிற பிள்ளை, உம்மா பார்த்த மாப்பிள்ளையை விரும்பிக் கட்டுகிற பிள்ளை, இவர்களை "தேடாதவர்கள்" என்று எழுதிவிடுவது புத்தகத்தின் அவசரம். உளவியலின் சுயநிர்ணயக் கோட்பாட்டில் டெசி, ரயன் இருவரும் தன்விருப்பம் என்று சொல்வது தனியே போவதை இல்லை. செய்வதை மனம் ஒப்பிச் செய்வதைத்தான். வீட்டார் சொன்னதையே மனம் ஒப்பிச் செய்யலாம். வீட்டை எதிர்த்ததையே மனம் ஒப்பாமல், வீம்புக்காகவும் செய்யலாம்.

அதனால் ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் பக்கத்தில் இதில் ஒன்றை எழுதச் சொல்லுங்க. 1, செய்யாட்டி ஏச்சு விழும். 2, செய்யாட்டி எனக்கே குற்ற உணர்வு. 3, எனக்கு முக்கியம் என்று படுது. 4, செய்யவே விருப்பம். எல்லாம் 1உம் 2உமாக வந்தால் அங்கே வேலை இருக்கு. ஒரே முடிவு, ஒரே மாப்பிள்ளை, 2 இலிருந்து 3க்கு மாறலாம். பிள்ளைக்குத் தகவலும் நேரமும் கிடைத்தால் மாறும்.

வீட்டில் கேட்கிற முறையும் பழக வேண்டிய ஒன்று. ஐந்தாம் மாலையை இதற்கு விடுங்க. இரண்டு பேராக இருந்து நடித்துப் பார்க்கட்டும். "எனக்கு இது வேணாம்" என்று தொடங்கினால் கதவு அடைபடும். தொடங்குகிற வரிசை: முதல் அவர்களின் பயத்தைத் தாங்களே சொல்வது ("இருட்டி வருவேன் என்று யோசிக்கிறீங்க"), பிறகு சின்னதாகக் கேட்பது ("மூன்று சனிக்கிழமை, மதியத்துக்கு முன்"), பிறகு முடிகிற திகதி, பிறகு ஆர் கூட வருவார் என்பது. வாப்பாவிடம் நேரே போக முடியாட்டி ஆரைக் கொண்டு கேட்பிக்கலாம் என்று முதலே ஒரு பெயர் எழுதி வைக்கட்டும். மாமியோ, மூத்தப்பாவோ, படிப்பித்த ரீச்சரோ. சாப்பாட்டு நேரத்திலும் விருந்தாளி முன்னாலும் கேட்கக் கூடாது. ஆக்களுக்கு முன்னால் "ஓம்" சொல்ல ஒரு தகப்பனுக்கும் விருப்பம் இராது.

வெளியே போகவே முடியாத பிள்ளைக்கு ஓட்டத்தை வீட்டுக்குள் கொண்டு வாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு இரண்டு கிழமை பாடம், ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது, 20 பேருக்குப் பண்டம் செய்து விற்றுச் செலவும் வரவும் எழுதிப் பார்ப்பது.

பதிவு 7 | உவர்மலை

ராத்தா சொன்னதை ஏற்கிறேன், என் பதிவில் அது விடுபட்டுவிட்டது. ஒன்று மட்டும். "மனம் ஒப்பி" என்பதை வெளியில் இருந்து நாம் முடிவு செய்ய முடியாது. 3 போட்ட பிள்ளையிடம் "இல்லை, உனக்குள் 1 தான்" என்று வழிகாட்டுகிறவர் வாதாடத் தொடங்கினால் அதுவும் ஓர் அதட்டல்தான்.

பதிவு 8 | வாட்டு டியூட்டி

நலம் எண்ட பக்கத்தை ஒருத்தரும் அளக்கேல்ல. ஆறு மாலையும் முடிஞ்சபிறகு "நல்லா இருந்தது" எண்டு எல்லாரும் சொல்லுவினம், அது அளவு இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின்ர ஐந்து கேள்வித் தாள் போதும். கடந்த ரெண்டு கிழமையில: மனம் மகிழ்ச்சியா இருந்ததோ; அமைதியா, இறுக்கமில்லாமல் இருந்ததோ; உசாரா, துடிப்பா இருந்ததோ; காலமை எழும்பேக்க நித்திரை கொண்ட களை தீர்ந்து இருந்ததோ; நாளாந்த வாழ்க்கையில மனம் பிடிச்ச விஷயங்கள் இருந்ததோ. எப்பவும் எண்டால் 5, ஒருபோதும் இல்லையெண்டால் 0. கூட்டினால் 0 இலிருந்து 25. அதை 4ஆல பெருக்கினால் 100க்கு வரும். முதலாம் மாலையும் ஆறாம் மாலையும் குடுங்கோ. நூறுக்கு 10 மாறினால்தான் மாற்றமெண்டு எடுக்கிறது வழக்கம்.

கூட்டுத்தொகை 13க்குக் கீழ, நூறுக்கெண்டால் 50க்குக் கீழ வந்தால் மனச்சோர்வு இருக்கோ எண்டு மேல பாக்கவேணும். வருத்தம் எண்டு அர்த்தமில்லை, பாக்கவேணும் எண்டுதான் அர்த்தம்.

மேல பாக்கிறது குழுவின்ர வேலை இல்லை. ரெண்டு கிழமைக்கு மேலா, நாளின்ர பெரும்பகுதி, மனம் விழுந்து அல்லது ஒண்டிலயும் நாட்டமில்லாமல், நித்திரை, சாப்பாடு, படிப்பு எல்லாம் குழம்பினால் வைத்தியசாலைக்கு. எங்கட பக்கம் பிள்ளையள் "மனம் சரியில்லை" எண்டு சொல்லமாட்டினம். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைவு எண்டுதான் வருவினம். அது பொய் இல்லை, சோர்வு உடம்பாலதான் கதைக்கும். "விசர்க் கிளினிக்" எண்ட பேருக்குப் பயந்து நேர்த்தி வைச்சு மட்டும் மாசக்கணக்கா இழுக்கிறவை இருக்கினம். நேர்த்தியும் வைக்கட்டும், கிளினிக்குக்கும் போகட்டும், ரெண்டும் ஒண்டையொண்டு தடுக்காது. அரச வைத்தியசாலையில காசு இல்லை.

மருந்து தொடங்கினவைக்கு: சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய ரெண்டு இலிருந்து நாலு கிழமை பிடிக்கும், சிலருக்கு இன்னும் கூட. முதல் கிழமையில வயித்துப் பிரட்டலும் படபடப்பும் வந்து கனபேர் நிப்பாட்டிப்போடுவினம். தானா நிப்பாட்டக் கூடாது. 25 வயதுக்குக் கீழ உள்ளவைக்கு முதல் கிழமைகளில சாக நினைக்கிற எண்ணம் கூடுதோ எண்டு வீட்டார் கவனிக்கவேணும், கூடினால் அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லவேணும்.

ஒரு பிள்ளை "நான் இல்லாட்டி நல்லது" மாதிரி ஏதும் சொன்னால் நேரடியாக் கேளுங்கோ: சாக யோசிச்சனீரோ? கேட்டால் அந்த எண்ணத்தை நாங்கள் விதைக்கிறமாதிரி ஆகாது, கேட்டால்தான் சொல்லுவினம். ஓம் எண்டால் தனிய விடாதேங்கோ, அண்டைக்கே வைத்தியசாலை. தேசிய மனநல உதவி எண் 1926, 24 மணித்தியாலமும் தமிழில கதைக்கலாம். 1333 உம் இருக்கு. தம்பலகாமம், மூதூர் மாதிரி வயல் பக்கத்து வீடுகளில கிருமிநாசினியும் மாத்திரைப் பெட்டியும் பூட்டின பெட்டிக்குள்ள, திறப்பு வேற ஆளிட்ட. இந்த நாட்டில தற்கொலை 1995ஐ ஒட்டி உச்சத்தில இருந்து பிறகு பெருமளவு இறங்கினதுக்கு முக்கிய காரணமே கொடிய நஞ்சு மருந்துகளைத் தடை செய்ததுதான். கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த அரை மணித்தியாலம் கடந்துபோகும்.

பதிவு 9 | வாசிகசாலை மூலை

நன்றி, இதை எழுதி எடுத்தாச்சு. ரெண்டு சந்தேகம். ஒருவருக்கு 14 வந்தால் 50க்குக் கீழ தானே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பவோ? மற்றது, தாளில பேர் எழுதிக்கவோ?

பதிவு 10 | வாட்டு டியூட்டி

14 எண்டது 25க்கு. 4ஆல பெருக்கினால் 56. ரெண்டு அளவையும் கலக்கிறதுதான் இந்தத் தாளில வழமையா விடுற பிழை, அதால ஏதாவது ஒரு அளவிலேயே எழுதுங்கோ. ஆனால் கூட்டுத்தொகை நல்லா இருந்தும் அஞ்சில ஏதாவது ஒரு கேள்விக்கு 0 அல்லது 1 போட்டிருந்தால் அந்தப் பிள்ளையோட தனியக் கதையுங்கோ.

பேர் வேண்டாம், தாங்களே தெரிவுசெய்த ஒரு குறியீடு போதும். ஆனால் பேரில்லாத தாளில 6 வந்தால் ஆரெண்டு தெரியாது. அதால தாளின்ர அடியில "13க்குக் கீழ வந்தவை கூட்டம் முடிய என்னோட கதையுங்கோ" எண்டு அச்சடிச்சு, 1926 ஐயும் போட்டு, கிழிச்சுக்கொண்டு போற துண்டா எல்லாருக்கும் குடுங்கோ. எல்லாருக்கும் குடுத்தால் ஒருத்தருக்கும் வெக்கமில்லை.

பதிவு 11 | புறாமலை

இது பிரயோசனம். நித்திரையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? விடிய மூண்டு மணிக்கு எல்லாரும் ஒன்லைனில நிக்கினம்.

பதிவு 12 | வாட்டு டியூட்டி

சொல்லத்தான் இருந்தன். 18 இலிருந்து 25 வயதுக்கு 7 இலிருந்து 9 மணித்தியாலம். இந்த வயதில உடம்பு மணிக்கூடு இயற்கையாவே பிந்தித்தான் ஓடும், இருபது வயதளவிலதான் ஆகப் பிந்தும். அதால "பத்து மணிக்குப் படு" எண்டு அதட்டிறதில பலனில்லை. படுக்கிற நேரத்தை விடுங்கோ, எழும்பிற நேரத்தைப் பிடியுங்கோ. ஏழு மணியெண்டால் ஏழு நாளும் ஏழு மணி. எழும்பினவுடன வெளிச்சத்துக்கு வரவேணும். டச்சுக்குடாவோ, கோட்டைக்குள்ளால கோணேசர் கோயில் ஏற்றமோ, 20, 30 நிமிச நடை. கார்த்திகை, மார்கழி மழைக்கு முதலே மாற்று வழியும் எழுதி வைக்கவேணும்: விறாந்தையில 15 நிமிசம், அல்லது படி ஏறி இறங்கிறது. மழைக்குத் திட்டமில்லாட்டி நடை நிண்டுபோகும், நடையோட எழும்பிற நேரமும் போகும்.

இன்னொரு காரணம் டேட்டா. நள்ளிரவுக்குப் பிறகு வாற டேட்டா தனியக் கிடக்கிறதால அதை முடிக்கவெண்டே முழிச்சிருக்குதுகள். பாக்கவேண்டியதை அந்த நேரத்துக்கு டவுன்லோட் ஆக விட்டுட்டுப் படுத்து, பகலில பாக்கட்டும். போன் சார்ஜர் அறைக்குள்ள இல்லாமல் ஹோலில. எழும்ப அலாரம் வேணுமெண்டால் ஒரு சாதாரண மணிக்கூடு.

பின்னேரம் நாலுக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். குடிச்ச கபேனில பாதி அஞ்சு மணித்தியாலம் கழிச்சும் உடம்பில நிக்கும். படுத்து 20 நிமிசம் நித்திரை வராட்டி எழும்பி வேற இடத்தில இருக்கவேணும், கட்டிலில கிடந்து யோசிச்சால் கட்டில் யோசிக்கிற இடமாப் பழகிப்போடும்.

பதிவு 13 | உவர்மலை

யோசனை பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. தேடலிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று விரிந்து பார்க்கும். மற்றது ஒரே இடத்தில் செக்குமாடு மாதிரிச் சுற்றும். பின்னதுதான் சோர்வோடு சேர்ந்து வருவது. பிரித்தறிய இரண்டு நிமிடச் சோதனை: இரண்டு நிமிடம் யோசித்த பிறகு, அடுத்த காரியம் ஏதும் தெரிந்ததா? புதிதாக ஏதும் விளங்கியதா? மனம் கொஞ்சம் இலேசானதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது சுற்றல். எழுந்து கைவேலை ஏதாவது. "நான் ஏன் இப்படி?" என்ற கேள்வியை "நாளைக்கு எட்டு மணிக்கு என்ன?" என்று மாற்றி எழுதவும் பழக்கலாம்.

மனதில் இருப்பதைக் கொட்டி எழுதச் சொல்கிற பயிற்சியைச் சிலர் முதல் மாலையே வைப்பார்கள். 15, 20 நிமிடமாக மூன்று, நாலு நாள் எழுதுவது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கர் எண்பதுகளில் தொடங்கியது. பயன் சராசரியில் சிறியது. எழுதின அன்றைக்கு மனம் இன்னும் கனக்கும், தேறுவது பிறகுதான். போரிலும் 2004 கடல்கோளிலும் வீட்டில் ஆட்களை இழந்த குடும்பங்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பன்னிரண்டு பேர் இருக்கிற அறையில் அதைத் திறந்துவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை. நான் வைக்கமாட்டேன். வைத்தே ஆக வேண்டும் என்றால், தாங்க முடியாத விஷயம் வந்தால் வேறு விஷயத்துக்கு மாறலாம் என்ற அனுமதியை முதலே கொடுங்கள்.

பதிவு 14 | கிண்ணியா ராத்தா

இன்னொன்று விட்டுப்போச்சு, மொழி. இங்கே ஒரே பிள்ளை வீட்டில் தமிழ், வேலையில் சிங்களம், போனில் அரைகுறை இங்கிலீஷ். பிள்ளைகளும் ஊருக்கு ஊர் வேறு: மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், டவுன். "இதில் எது உண்மையான நீ?" என்று கேட்கிற பயிற்சி ஒன்று இணையத்தில் சுற்றுது. அதை எடுக்காதீங்க, மூன்றுமே அந்தப் பிள்ளைதான். பதிலுக்கு ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு, ஒவ்வொரு மொழியிலும் தான் துணிந்து செய்கிற ஒன்றையும் தயங்குகிற ஒன்றையும் எழுதச் சொல்லுங்க. சிங்களத்தில் பில் கேட்கத் துணிவு இருக்கும், மறுத்துப் பேச வராது. அப்படியென்றால் தேவையானது ஆறு வசனம், அடையாளப் பாடம் இல்லை. அந்த ஆறு வசனத்தையும் அந்த மாலையே பழகலாம். அரச வேலைக்குப் போகிறவைக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் தேவைப்படும்.

பதிவு 15 | மட்டுறுத்துநர்

உதவி எண்கள் பதிவு 8 இல் இருக்கின்றன. இங்கே யாருக்கும் மருந்தின் பெயரோ அளவோ எழுத வேண்டாம்.

பதிவு 16 | வாசிகசாலை மூலை

சரி, இப்ப ஒழுங்கு இப்பிடி. 1: அஞ்சு கேள்வித் தாள், இருபது வரி, பென்சில். 2: மூண்டு "ஆகக்கூடிய நான்", ஓட்டத்துக்குத் திகதி. 3: நித்திரை, ரெண்டு நிமிசச் சோதனை, மூண்டு வட்டம். 4: வழிகள், லேத் அண்ணை சொன்ன பலகை. 5: வீட்டில கேக்கிற நடிப்பு. 6: ஓட்டக் குறிப்பு பாக்கிறது, தாள் ரெண்டாந்தரம்.

ஒரு பிரச்சினை. ஓட்டத்துக்கு வீட்டில அனுமதி ரெண்டாம் கிழமையே வேணும், ஆனால் கேக்கப் பழக்கிறது அஞ்சாம் கிழமை.

பதிவு 17 | கிண்ணியா ராத்தா

அப்ப ஐந்தாம் மாலையில் உள்ளதை இரண்டாம் மாலைக்குக் கொண்டு வாங்க, ஓட்டத் திகதி மூன்றுக்குப் போகட்டும், நித்திரையையும் வட்டத்தையும் ஐந்துக்குத் தள்ளுங்க. ஆறில் ஓட்டம் முடியாதவை இருந்தால் முடிந்த அளவு போதும். நேரம் ஐந்தரைக்கு முன் முடியட்டும். ஆறரை என்றால் மூதூர்ப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் இரண்டாம் கிழமை வராது, வராததுக்குக் காரணமும் சொல்லாது.

பதிவு 18 | வாசிகசாலை மூலை

நாலு மணிக்குத் தொடங்கி அஞ்சரைக்கு முடிக்கிறம். பிளேன்டீ தொடங்க முதலே குடுக்கிறம், நாலுக்குப் பிறகு இல்லை.